வெரசா சுத்தினா கட்டு கழியும்!



எனக்குக் கவிதை எழுத வராது. கதையும் வராது. "அப்போ உன் புராஜெக்ட்டைப் பத்தியே எழுதுலே" என்றான் மலர்க் குழுவில் இருக்கும் சேக்காளி. சரி என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, புராஜெக்ட்டைப் பற்றி எழுதினால் அதில் நான் செய்த ஒரு தப்பையும் எழுதியாக வேண்டும் என்று. பரவாயில்லை. மூன்று வருஷம் ஒன்றாய்ப் படித்த உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்!

கேள்வி இதுதான். ஒரு கம்ப்யூட்டரின் பிராசஸருக்குத் தயாரித்த கம்பெனி ஒரு வேகம் குறித்திருக்கும். அதைவிடக் கூடுதலாக அதை விரட்டி ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். ஒற்றைக் கம்ப்யூட்டரில் இது பலன் தருகிறது. அப்படியானால் நூறு, ஆயிரம் கம்ப்யூட்டர்களைக் கோத்து ஒரே வேலையைச் செய்ய வைக்கும் 'கிளஸ்டர்' என்ற கூட்டத்தில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பலன் வர வேண்டுமே? வரும் என்றுதான் நானும் நம்பினேன்.

எங்கள் வீடும் என் கம்ப்யூட்டரும்

ஆலங்குளம் எங்கள் ஊர். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். அத்தையும் எங்களோடுதான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "நீ ஒருத்தன் வேகமா ஏறிட்டா குடும்பமே ஏறிரும்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். வேகம் என்ற சொல் என் தலையில் அப்படித்தான் ஏறியது.

தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதல்லவா, அதில் ஐந்து மாதம் சேர்த்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். ஏதோ ஓர் ஆபீஸில் உழைத்து ஓய்வு பெற்றது. உள்ளே இருந்தது இன்டெல் கோர் 2 டூயோ இ7400. வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 280 கோடி துடிப்பு. இந்த எண் எப்படி வருகிறது என்றால், மதர்போர்டில் 266 மெகாஹெர்ட்ஸில் ஓர் அடிப்படைத் தாளம் இருக்கிறது. பிராசஸர் அதை 10.5 மடங்காக்கிக்கொள்கிறது. அடிப்படைத் தாளத்தை 320 ஆக்கினால்? 3.36 கிகாஹெர்ட்ஸ்! பைசாச் செலவில்லாமல் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும்.

ஒருநாள் ராத்திரி பயாஸுக்குள் போய் அதைச் செய்தேன். விண்டோஸ் நன்றாகவே எழுந்து வந்தது. கேம் ஓடியது. ஆனால் விசிறி கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்து, "என்னலே, மாவு மிசினு மாதிரி கெடக்கு" என்றாள். மறுநாள் பஸ்ஸில் சேக்காளியிடம் சூடு அதிகமாகிறது என்றேன். "குத்தாலத்துக்குக் கொண்டு போயி அருவிக்கு அடியில வைலே" என்றான். பங்குனி மாசம். அருவியில் அவன் குளிக்கவே தண்ணீர் இல்லை!

நாலு கம்ப்யூட்டர், ஒரு கணக்கு

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் ஒரு குட்டி கிளஸ்டர். லேபில் ஒதுக்கிப் போட்டிருந்த மூன்று பழைய கம்ப்யூட்டர்கள், நாலாவதாக என்னுடையது. ஒரு நெட்வொர்க் சுவிட்ச். எல்லாவற்றிலும் லினக்ஸ். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள எம்.பி.ஐ. என்ற மென்பொருள். கேபிள் வேலை முழுவதும் ஒரு சேக்காளியின் பொறுப்பு. நிரல் எழுதியவர்கள் இரண்டு பேர். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது நான்.

கணக்கு எளிது. 100 கோடிக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்று எண்ண வேண்டும். இதன் விடை உலகுக்குத் தெரிந்ததுதான்: 5,08,47,534. நம் கிளஸ்டரும் அதே விடையைச் சொன்னால் பாஸ்! வேலை சமமாக வரும்படி நாலு பங்காகப் பிரித்தோம். நாலு கம்ப்யூட்டரும் தத்தம் பங்கை எண்ணி முடித்ததும் கூட்டித் தொகை சொல்ல வேண்டும்.

முதல் தடவை சரியாக வந்தது. இரண்டாவது தடவையும் சரி. மூன்றாவது தடவை கடைசி இலக்கத்தில் ஒன்று குறைந்தது. பிறகு இரண்டு முறை சரி. பிறகு நாலு கூடுதல். ரிவியூவுக்கு ஐந்து நாள் இருந்தது.

"கேபிள்தான்" என்றார்கள் எல்லோரும். கேபிள் போட்ட சேக்காளி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லா முனைகளையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்தான். மறுபடியும் தப்பு வந்தது. மறுபடியும் வெட்டினான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம். என் கம்ப்யூட்டரில் தாளத்தைக் கூட்டியதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மற்றவர்களுடையதைவிட என் கம்ப்யூட்டர் முதலில் முடிக்கிறதே என்ற பெருமை எனக்கு. அதை இழக்க மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் எங்கள் சார் வந்து பார்த்தார். கிரிம்பிங் கருவியோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்ப்பா, வயர் கெட்டுப் போனா செய்தி வராது, இல்லை தாமதமா வரும். வழியில கெட்டுப் போனதைக் கண்டுபிடிச்சு மறுபடி அனுப்ப நெட்வொர்க்குல ஏற்பாடு இருக்கு. இங்க செய்தி ஒழுங்கா வருது, ஆனா பொய்யா வருது. கணக்கு போட்ட இடத்துலதான் தப்பு. அங்க சரிபார்க்க ஆள் கிடையாது."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போதும் வாய் திறக்கவில்லை. அதுதான் என் தப்பு. தாளத்தைக் கூட்டியதுகூட அறியாமை. ஆனால் ஒருத்தன் விரல் தேயத் தேய வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேனே, அதற்கு என்ன பெயர்?

அம்மாவின் கட்டு

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனால், வாசலில் அம்மாவும் அத்தையும் சொளவை மடியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

பீடி சுற்றும் வீட்டில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இலையை நனைத்து, பதம் பார்த்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்ட வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான் பேச்சு. எங்கள் வீட்டில் ஒரே பாஸ் புத்தகம். அம்மா சுற்றியதும் அத்தை சுற்றியதும் ஒரே கணக்கில்தான் கடைக்குப் போகும். அங்கே செக்கர் கட்டை எடுத்துப் பார்ப்பார். தளர்ந்திருந்தால், முனை பிரிந்திருந்தால் கழித்துவிடுவார். கழிந்த கட்டுக்குக் கூலி இல்லை. அதில் போன இலைக்கும் தூளுக்கும் நாம்தான் பொறுப்பு.

எனக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய வாரம் அது. அம்மா வழக்கமாகச் சுற்றுவதைவிடக் கூடுதலாகச் சுற்றியிருக்கிறாள். அன்றைக்கு ஏழு கட்டு கழிந்துவிட்டது.

"என் கட்டாத்தான் இருக்கும் மதினி. எனக்கு நேத்து கை வலி" என்றாள் அத்தை.

அம்மா உடனே சொன்னாள்: "உன் கட்டு இல்ல தாயி. வெரசா சுத்தினது நாந்தான். வெரசா சுத்தினா எண்ணம் கூடும், கட்டு கழியும்லா. நாளையில இருந்து பழைய மாதிரியே சுத்துதேன்."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் மறுபடி இலையை எடுத்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் தாய் ஒரு நிமிஷத்தில் சொன்னதை, டிப்ளமோ படிக்கும் நான் இரண்டு நாளாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை லேபில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கேபிள் சேக்காளி கோபப்படவில்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினான். இரண்டு விரலில் தோல் உரிந்திருந்தது. "ரெண்டு நாளாச்சுலே" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

தாளத்தைத் திரும்ப 266-க்கு இறக்கினேன். பத்து முறை ஓட்டினோம். பத்து முறையும் 5,08,47,534. இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. வேகத்தைக் கூட்டியிருந்தபோது ஆன மொத்த நேரமும், குறைத்த பிறகு ஆன மொத்த நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே! ஏன்? என் கம்ப்யூட்டர் முதலில் முடித்துவிட்டு, மற்ற மூன்றும் முடிக்கும் வரை சும்மா காத்துக் கிடந்திருக்கிறது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை இழுக்கப் போயிருக்கிறீர்களா? ஆயிரம் பேர் வடம் பிடிக்கும்போது ஒருவன் மட்டும் முந்தி ஓடினால் தேரா முந்தும்?

பெரிய இடங்களில் என்ன செய்கிறார்கள்?

"என்னுடையதை மட்டும் கூட்டியதால்தானே பயனில்லை? எல்லாவற்றையும் ஒரே அளவில் கூட்டினால்?" என்று சாரிடம் கேட்டேன். அவர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கதையைச் சொன்னார்.

அங்கே 2004-இல் 'கப்ரு' என்று ஒரு கிளஸ்டர் அமைத்தார்கள். இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அது. 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இன்டெல் ஜியான் பிராசஸர், வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகளைப் பற்றிய கணக்குகளுக்காகக் கட்டியது. காகிதத்தில் கணக்குப் போட்டால் 288 பிராசஸரும் சேர்ந்து வினாடிக்கு 1,38,000 கோடிக் கணக்குகளுக்கு மேல் செய்ய வேண்டும். உண்மையில் அளந்தபோது கிடைத்தது ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. இதைத்தான் ஒரு டெராஃப்ளாப் என்கிறார்கள். மீதி எங்கே போயிற்று? ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதிலும், காத்திருப்பதிலும், நினைவகத்திலிருந்து எண்களை எடுத்து வருவதிலும் போயிற்று. பிராசஸரை விரட்டினால் இந்தக் காத்திருப்பு குறையாது. அதனால்தான் அவர்கள் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலைப்பின்னலுக்குச் சாதாரண நெட்வொர்க்கை மட்டும் நம்பாமல், அதைவிட வேகமான தனிப் பின்னல் போட்டார்கள்.

ஓவர்கிளாக்கிங் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 144 கம்ப்யூட்டரில் 10 சதவீதம் வேகம் கூடினால், 14 கம்ப்யூட்டர் இலவசமாகக் கிடைத்த மாதிரி அல்லவா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்சாரக் கணக்கைப் பாருங்கள். பிராசஸர் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகக் கூடும். வோல்ட்டேஜோடு அதன் வர்க்கமாகக் கூடும். 10 சதவீத வேகத்தைத் தாங்க வோல்ட்டேஜை 5 சதவீதம் ஏற்றினால், மின்சாரம் 1.1 × 1.05 × 1.05, அதாவது சுமார் 21 சதவீதம் கூடும். அதற்குப் பதிலாக 14 கம்ப்யூட்டரைக் கூடுதலாக வாங்கி வைத்தால் 10 சதவீத மின்சாரம்தான் கூடும். வாங்கும் செலவு ஒரு தடவை. கரண்ட் பில்லோ மாதா மாதம். அந்தக் கூடுதல் மின்சாரம் எல்லாம் சூடாக மாறும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி.க்குத் தனியாக மின்சாரம்.

அடுத்தது பழுது. ஒரு கம்ப்யூட்டர் 1,000 நாளுக்கு ஒருமுறைதான் தப்பு செய்யும் என்று வையுங்கள். வீட்டில் இருந்தால் நமக்கு அது தெரியவே தெரியாது. அதேபோல் 1,000 கம்ப்யூட்டர்களைக் கோத்தால், சராசரியாகத் தினம் ஒரு தப்பு! பல நாள் ஓடும் கணக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டரால் வீணாகும். நின்று போனாலாவது தெரியும். எங்களுக்கு நடந்தது போல் நிற்காமல் தப்பான விடை சொன்னால்?

இது வெறும் பயமில்லை. 2003-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 1,100 ஆப்பிள் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர்களைக் கோத்து ஒரு கிளஸ்டர் அமைத்தார்கள். அந்த நவம்பரில் உலகப் பட்டியலில் மூன்றாம் இடம். ஓவர்கிளாக் எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்களின் நினைவகத்தில் பிழையைத் தானே கண்டு திருத்தும் வசதி இல்லை. அடுத்த ஆண்டே அத்தனையையும் எடுத்துவிட்டு, அந்த வசதி உள்ள எக்ஸ்சர்வ் கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். குறித்த வேகத்தில் ஓடும்போதே இவ்வளவு ஜாக்கிரதை!

எனக்கு ரொம்பப் பிடித்தது ஐ.பி.எம். கம்பெனியின் புளூஜீன்/எல். கடையில் விற்ற மேசைக் கம்ப்யூட்டரே 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியிருந்த காலத்தில், அதன் பிராசஸர் வேகம் வெறும் 0.7 கிகாஹெர்ட்ஸ். நம் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தால்கூட முகம் சுளிப்போம். ஆனால் வேகம் குறைவு என்பதால் சூடு குறைவு. சூடு குறைவு என்பதால் நெருக்கமாக அடுக்க முடிந்தது. அப்படி 32,768 பிராசஸர்களை அடுக்கி, 2004 நவம்பரில் உலகின் முதலிடத்தைப் பிடித்தது அது. இருப்பதை விரட்டுவதற்கு நேர் எதிர்வழி!

நம் நாட்டுக் கதையும் இதே பாதைதான். 1991-இல் புனேயின் சி-டாக் நிறுவனம், விஜய் பட்கர் தலைமையில், 'பரம் 8000' என்ற சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கியது. ஒரு ராட்சத பிராசஸரைத் தேடாமல், டிரான்ஸ்ப்யூட்டர் என்ற சிறு சில்லுகள் பலவற்றைக் கோத்துத்தான் அதைச் செய்தார்கள். 2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' தொடங்கப்பட்டது. 838 டெராஃப்ளாப். அதில் பிராசஸர் சூட்டைத் திரவத்தைக் கொண்டு நேரடியாகத் தணிக்கிறார்கள். ஓவர்கிளாக் பண்ணுகிறவர்களும் திரவக் குளிர்ச்சி வைப்பதுண்டு, வேகத்தை ஏற்றுவதற்காக. திருச்சியில் வைத்திருப்பது குளிர்ச்சிக்கு ஆகும் மின்சாரத்தைக் குறைப்பதற்காக.

அப்படியானால் ஓவர்கிளாக்கிங்கே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். தனியாக ஒரு கம்ப்யூட்டர், தனியாக ஒருவர், விளையாட்டு அல்லது ஆராய்ச்சிக்காக என்றால் செய்து பார்க்கலாம். நின்று போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். நஷ்டம் அவருக்கு மட்டும்தான். 2023-இல் திரவ ஹீலியம் ஊற்றி ஒரு பிராசஸரை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அது சாதனை. ஆனால் அந்த மாதிரி ஒரு மெஷினை நம்பி நாளைய மழையைக் கணிக்க முடியாது.

இப்போதைய பிராசஸர்கள் சூட்டையும் மின்சாரத்தையும் தாங்களே பார்த்து, இடம் இருந்தால் கொஞ்ச நேரம் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. டர்போ என்பார்கள். அது ஓவர்கிளாக்கிங் ஆகாது. கம்பெனி சோதித்துக் குறித்த எல்லைக்குள் நடப்பது. எங்கள் பக்கத்துக் காற்றாலைகளைப் பாருங்கள். ஆடிக் காற்று நன்றாக வீசும்போது சுற்றும். காற்று அளவு மீறினால் தானே நின்றுவிடும். நின்றால்தான் அடுத்த ஆடிக்கும் இருக்கும்.

ஆகவே, பெருங்கூட்டமாக வேலை செய்யும் கம்ப்யூட்டர்களுக்கு ஓவர்கிளாக்கிங் பொருந்தாது என்பதே என் முடிவு. ஒன்றின் தப்பு எல்லாருடைய விடையிலும் கலந்துவிடுகிறது. எந்தக் கட்டு யார் சுற்றியது என்று பிறகு பிரிக்க முடிவதில்லை.

ரிவியூ நல்லபடியாக முடிந்தது. எங்கள் அறிக்கையில் 'தவறும் காரணமும்' என்று ஒரு பக்கம் சேர்த்து, நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேபிள் சேக்காளி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எட்டாம் நாள் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

என் கம்ப்யூட்டர் இப்போது 2.8-லேயே ஓடுகிறது. விசிறி சத்தம் இல்லை. வாசலில் அம்மா கத்தரியால் இலை வெட்டும் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கிறது. பரீட்சைப் பணம் நாலு நாள் தாமதமாகத்தான் கட்டினோம், அபராதத்தோடு. ஆனால் அந்த வாரம் அதற்குப் பிறகு ஒரு கட்டுகூடக் கழியவில்லை.